பெயிண்ட் படாத இடம்

அந்த வீட்டில் பெயிண்ட் படாதவை இரண்டுதான். ஒன்று சாப்பாடு, இன்னொன்று ஊசியக்காவின் நாக்கு. மற்ற எல்லாவற்றின் மேலும் அவளுடைய அண்ணனின் பிரஷ் ஒருமுறையாவது போய் வந்திருக்கும். அண்ணனுக்குத் தொழிலே பெயிண்ட் அடிப்பதுதான். ஊரார் வீட்டு கேட்டுக்கும் ஜன்னலுக்கும் அடித்து மிச்சமாகிற டப்பாவைக் கையோடு கொண்டுவந்துவிடுவார். பெரும்பாலும் பச்சை. கதவு பச்சை, மாடிப்படிக் கைப்பிடி பச்சை, வாளியின் வளையம்கூடப் பச்சை. குளியலறைத் தாழ்ப்பாளுக்கு ஒருமுறை அழகாக இரண்டு கோட்டிங் கொடுத்ததில் அது இறுகிப்போய், அண்ணி உள்ளேயே மாட்டிக்கொண்டாள். ஊசியக்காதான் ஸ்க்ரூடிரைவரால் சுரண்டித் திறந்துவிட்டாள். வெளியே வந்த அண்ணி முதலில் சொன்ன வார்த்தை, "உங்கண்ணன் பெயிண்ட் அடிக்கல பாப்பா, சீல் வைக்கிறாரு."

ஊசியக்கா என்பது தையல் கூடங்களில் வேலை செய்யும் பெண்கள் வைத்த பெயர். வீட்டில் அவள் பாப்பா. ஐம்பதைத் தாண்டி, முன்தலை நரைத்து, முழங்காலில் வலி வந்து நிரந்தரமாகக் குடியேறிய பிறகும் அண்ணனுக்கு அவள் பாப்பாதான்.

பாப்பா இளம் வயதில் ஒரு பெரிய ஆலையில் வரிசையில் உட்கார்ந்து காலர் தைத்தவள். மெஷின் நின்றுவிட்டால் மெக்கானிக் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் சாயங்காலம் உருப்படி குறைந்தால் திட்டு மட்டும் அவளுக்கு. ஒருநாள் பொறுமை போய், தானே மூடியைக் கழற்றி, சிக்கியிருந்த நூலைப் பிடுங்கி, கொக்கியைச் சரியாகத் திருப்பி வைத்து ஓட்டிவிட்டாள். மெஷின் ஓடியது. மெஷினைத் திறந்ததற்காக அவளை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். "உன் கை தைக்கிறதுக்கு, திறக்கிறதுக்கு இல்ல" என்றார் மேற்பார்வையாளர். "ரெண்டுக்கும் ஒரே கைதான் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

கல்யாணமும் ஏறக்குறைய அப்படித்தான் முடிந்தது. திரும்பி வந்தவளிடம் ஏன், எதற்கு என்று குடைந்தவர்களுக்கெல்லாம் "ஒத்துவரல" என்று ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாள். அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. மாடி அறையைக் காலி செய்து, சுவருக்கு வெள்ளை, ஜன்னலுக்குப் பச்சை அடித்துக் கொடுத்தார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அது. அதை அவள் மறந்ததே இல்லை. மறக்க முடியாததுதான் பின்னால் தொல்லையாகவும் போயிற்று.

பிறகு சின்னச் சின்னத் தையல் கூடங்களுக்குப் போய் மெஷின் சரிபார்க்க ஆரம்பித்தாள். ஒரு கூடம் ஊரின் இந்தக் கோடி, அடுத்தது அந்தக் கோடி. இரும்புச் சாமான் நிறைந்த பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறி இறங்கித் தோள்பட்டை கழன்றது. அப்போதுதான் அந்த மோட்டார் சைக்கிளை வாங்கினாள். வாங்கும்போதே அது பழசு. கிக்கர் கிடையாது, பட்டனை அழுத்தினால் கிளம்பும். அண்ணன் வாசலில் நின்று, "ஆம்பள வண்டிடி அது" என்றார். "அதுக்குத் தெரியாதுண்ணே, நீயும் சொல்லிடாத" என்றாள் அவள்.

அந்த வண்டியில் அவள் போகாத தெரு இல்லை. எந்தக் கூடத்தில் மெஷின் நின்றாலும் ஊசியக்காவுக்குத்தான் போன் வரும். வாரக் கடைசியில் அண்ணியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கடைவீதிக்குப் போவாள். அண்ணி வேறு யாரோடும் எங்கும் போனதில்லை. வண்டி கிளம்பியதும் அண்ணி முக்காடு மாதிரி துப்பட்டாவைக் காதோடு கட்டிக்கொண்டு, வழியெல்லாம் கடை போர்டுகளைச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டே வருவாள்.

போன வருஷம் ஊசியக்காவுக்கு முழங்கால் வீங்கி, கொஞ்ச நாள் மாடியைவிட்டு இறங்க முடியவில்லை. அவள் எழுந்து வந்தபோது வாசலில் வண்டி புதுசாக நின்றது. சட்டம் முழுக்கப் பளபளவென்று பச்சை. அண்ணன் பிரஷ்ஷைத் துடைத்தபடி, சொல்லாமல் செய்த சந்தோஷத்தில் சிரித்தார். பச்சை அவளுக்குப் பிடிக்காது. ஆனாலும் மனசு இளகிப்போய், "நல்லாருக்குண்ணே" என்றாள்.

அப்புறம் சில மாதம் வண்டி நன்றாகத்தான் ஓடியது. மழைக்காலம் வந்தது. மழை விட்டதும் வண்டி தகராறு செய்ய ஆரம்பித்தது. பட்டனை அழுத்தினால் ஒருநாள் சுற்றும், ஒருநாள் முக்கும். கடைசியில் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆனால் லைட் எரியும், ஹாரன் அலறும். இறக்கத்தில் தள்ளிவிட்டு கியரைப் போட்டால் கிளம்பியும் விடும். அதனால் அவள் வேலைக்குப் போவது நிற்கவில்லை. மானம்தான் போனது. கூடத்துப் பெண்கள் ஊசியும் கத்திரியுமாக ஓடிவந்து, "தள்ளு தள்ளு, ஊசியக்கா வண்டிடி" என்று கூச்சல் போட்டுத் தள்ளிவிடுவார்கள். தெருவே வேடிக்கை பார்க்கும். முழங்காலும் சும்மா இருக்குமா, ராத்திரியெல்லாம் அது தன் பங்குக்குப் புலம்பும்.

தெருமுனை மெக்கானிக்கிடம் காட்டினாள். எதைக் காட்டினாலும் "மாத்திரலாம்" என்பான் என்பதால் அவனுக்கு மாத்து மாஸ்டர் என்று பெயர். முதலில் பேட்டரியை மாற்றினான். அதே 'டிக்'. பிறகு, பட்டனை அழுத்தினால் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற ஸ்டார்ட்டர் ரிலேயை மாற்றினான். அதே 'டிக்', கொஞ்சம் புதுக் குரலில். கடைசியாகப் பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து தடி வயர் ஒன்றை எடுத்து நேராக, எஞ்சினைச் சுழற்றிக் கிளப்புகிற ஸ்டார்ட்டர் மோட்டாரின் முனையில் வைத்துப் பார்த்தான். மோட்டார் அசையவில்லை. "மோட்டார் செத்துப்போச்சுக்கா. இந்த மாடலுக்கு இப்ப மோட்டார் கிடைக்காது. வண்டியத் தலைமுழுகிடுங்க" என்று கையை விரித்தான்.

அது அண்ணன் காதில் விழுந்தது. அவர் காத்திருந்தது அதற்குத்தானோ என்னவோ. வீட்டின் முன்னறையில் சின்னதாகப் பெயிண்ட் கடை போட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் திட்டம்.

"வண்டிய வித்துடலாம் பாப்பா. பழைய வண்டி எடுக்கிறவர்ட்ட சொல்லிட்டேன், ஞாயித்துக்கிழம சாயங்காலம் வந்து ஏத்திக்கிட்டுப் போயிடுவாரு. நீ கடையில உக்காரு. நிழல்ல வேல. கலர் கலக்கிக் குடுத்தாப் போதும். முழங்காலும் தேறும்."

"என்னைக் கேக்காமயா சொன்ன?"

"உன் நல்லதுக்குத்தானே சொன்னேன்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆலையில் வேலையைவிட்டு நிறுத்தியவரும் அதைத்தான் சொன்னார், புகுந்த வீட்டிலும் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் அவர்களை எதிர்த்துப் பேசுவது சுலபம். ஜன்னலுக்குப் பச்சை அடித்துக் கொடுத்த அண்ணனை என்ன சொல்வது? முன்னறையில் கலர் டப்பாக்களுக்கு நடுவே ஒரு ஸ்டூல் போட்டுத் தான் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தாள். ஒரு வருஷம் போனால் ஸ்டூலோடு சேர்த்துத் தனக்கும் ஒரு கோட்டிங் விழும் என்று தோன்றியது.

"வண்டி ஸ்டார்ட் ஆச்சுன்னா?" என்றாள்.

"எங்க ஆகப்போகுது?"

"ஆச்சுன்னா விக்கிறதில்ல. கடையில உக்கார்றதில்ல. சரியா?"

அண்ணன் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். குழந்தை நிலாவைக் கேட்டால் தருகிறேன் என்று சொல்கிறவர் ஆட்டுகிற ஆட்டம் அது. அந்தச் சிரிப்புதான் அவளுக்கு வேண்டியிருந்தது. இனி அவரை எதிர்ப்பதில் அவளுக்கு மனச்சங்கடம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் ஏதோ வேலையாக வெளியே போனதும், ஊசியக்கா வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்தாள். இது அவளுக்குப் பழகாத வேலை. தையல் மெஷினில் பல்லும் பெல்ட்டும் கண்ணுக்குத் தெரியும், எது எதை இழுக்கிறது என்று பார்த்துவிடலாம். கரண்ட் தெரியாது. கண்ணில் படாத எதையும் அவள் வாழ்க்கையில் நம்பியதில்லை. கையில் இருந்தது மெஷின் மோட்டார்களைச் சோதிக்க வைத்திருந்த மஞ்சள் மீட்டர் ஒன்று.

"அண்ணி, இங்க வாங்க. ஒரு கை வேணும்."

அண்ணி துணி மடிப்பதை விட்டுவிட்டு வந்தாள். "எனக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்? நான் பின்னாடி உக்கார்றவ."

"இன்னைக்கு முன்னாடி நில்லுங்க. நான் சொல்றப்ப அந்தப் பட்டன அமுக்கணும். விடச் சொன்னா விட்டுடணும்."

மீட்டரின் இரண்டு கம்பிகளையும் பேட்டரியின் இரண்டு முனைகளில் வைத்தாள். பன்னிரண்டரை வோல்ட்டுக்கு மேல் காட்டியது. நல்ல பேட்டரி. "அமுக்குங்க" என்றாள். 'டிக்.' எண் துளி இறங்கியது, அவ்வளவுதான். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொல்லுது?" என்றாள் அண்ணி.

"வேலையே செய்யலன்னு சொல்லுது. சுமை தூக்கினா மூச்சு வாங்கணும்ல? பேட்டரிக்கு மூச்சே வாங்கல. அது சக்தி இல்லாம நிக்கல. அதுகிட்ட யாருமே வாங்கிக்கல."

ரிலேயின் இரண்டு தடித்த முனைகளையும் ஸ்க்ரூடிரைவரால் சேர்த்துப் பார்த்தாள். சின்னதாக ஒரு பொறி. மோட்டார் அசையவில்லை. ஆக, ரிலே மேலும் குற்றம் இல்லை. மாஸ்டர் சொன்ன மாதிரி மோட்டார்தான் மிச்சம். இருந்தாலும் செத்துவிட்டது என்று அடுத்தவர் சொல்லி அவள் எந்த மெஷினையும் மூடி வைத்ததில்லை. இரண்டு போல்ட்டைக் கழற்றி மோட்டாரை வெளியே எடுத்து, சாக்கில் வைத்து, காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வண்டிக்காரர்கள் பேட்டரிக்குப் பேட்டரி இணைக்கிற தடி வயர் இரண்டைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிவந்து, பிளஸ்ஸை முனையிலும் மைனஸை மோட்டாரின் உடம்பிலும் கவ்வவிட்டாள்.

மோட்டார் வீலென்று சுற்றித் துள்ளியது. அண்ணி நாலடி தள்ளிப் போய் நின்று, "ஐயோ, உயிரோடதான் இருக்கு!" என்று கத்தினாள்.

இருக்கிறது. அப்படியானால் வண்டியில் மட்டும் ஏன் செத்த மாதிரி நடிக்கிறது? மறுபடி மாட்டினாள். அதே 'டிக்'. கழற்றினால் சுற்றுகிறது, மாட்டினால் சுற்றவில்லை. ஊசியக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது. வண்டியைப் பார்த்து, அச்சில் ஏற்ற முடியாத நாலு வார்த்தை திட்டினாள். தெருவில் போன ஒருவர் தன்னைத்தான் சொல்கிறாளோ என்று நடையைத் துரிதப்படுத்தினார்.

திட்டி முடித்தபின்தான் புத்தி தெளிந்தது. கீழே வைத்துச் சுற்றியபோது என்ன வித்தியாசம்? அப்போது அவள் இரண்டு வயர் கொடுத்தாள். வண்டியில் மோட்டாருக்கு வருவது ஒரே வயர். போன கரண்ட் எந்த வழியாகத் திரும்புகிறது? வண்டியின் இரும்பு உடம்பு வழியாகத்தான்.

"அண்ணி, மேல்நூல் மட்டும் இருந்தா தையல் விழுமா?"

"அதெப்படி விழும்? கீழ பாபின்ல நூல் வேணாமா?"

"அதான். எல்லாரும் மேல்நூலையே மாத்திக்கிட்டு இருந்திருக்கோம். மாஸ்டரும் பிளஸ்ஸ மட்டுந்தான் குடுத்துப் பாத்தான். கீழ்நூல் அறுந்து கெடக்கு."

மீட்டரின் ஒரு கம்பியைப் பேட்டரியின் மைனஸிலும் இன்னொன்றை எஞ்சினின் வெறும் உலோகத்திலும் வைத்தாள். இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தால், பட்டனை அழுத்தினாலும் மீட்டர் ஏறக்குறையப் பூஜ்யத்திலேயே நிற்க வேண்டும்.

"அமுக்குங்க."

மீட்டர் பதினொன்றுக்குத் தாவியது.

மோட்டாருக்குப் போக வேண்டிய பலம் மொத்தமும் திரும்பும் வழியில் எங்கோ முட்டிக்கொண்டு நிற்கிறது. பேட்டரி மைனஸிலிருந்து கிளம்பும் கறுப்பு வயரைப் பிடித்து விரலாலேயே வழி தேடிக்கொண்டு போனாள். அது பேட்டரிப் பெட்டிக்குப் பின்னால் இறங்கி, சட்டத்தில் ஒரு போல்ட்டில் போய் முடிந்தது. போல்ட்டைக் கழற்றி வயரின் வளையத்தை விலக்கினாள்.

அடியில் வழவழவென்று, கண்ணாடி மாதிரி, பச்சை.

அண்ணி குனிந்து பார்த்தாள். பார்த்தவள் தலையில் கைவைத்துக்கொண்டு, "இங்கயும் சீல் வெச்சுட்டாரா?" என்றாள்.

அரைகுறை வேலைக்காரனாக இருந்தால் வயரைச் சுற்றி மேலோட்டமாகப் பூசிவிட்டுப் போயிருப்பான், வண்டியும் தப்பித்திருக்கும். அண்ணன் சுத்தமான வேலைக்காரர். போல்ட்டைக் கழற்றி, வயரை ஒதுக்கி, பிரஷ் போகாத இடம் இல்லாமல் இரண்டு கோட்டிங் கொடுத்து, காயவிட்டு, திரும்பப் பொறுப்பாக முடுக்கியிருக்கிறார். இத்தனை மாதமும் வழி விட்டது போல்ட்டின் மரை மட்டும். மழையில் அதுவும் துருப்பிடித்தது. லைட்டுக்கும் ஹாரனுக்கும் வேண்டிய சொட்டுக் கரண்ட் அதன் வழியே கசிந்தது. மோட்டாருக்கு வேண்டிய வெள்ளம் போகவில்லை.

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அண்ணன் எதையும் கெடுக்க நினைத்துச் செய்யவில்லை. பிரியத்தில்தான் செய்தார். அதுதான் அவளைச் சுட்டது. பிரியத்தில் பூசிவிட்டு, ஓடவில்லை என்றதும் விற்றுவிடு என்கிறார்.

குளியலறைத் தாழ்ப்பாளைத் திறந்த அதே ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். கட்டைவிரல் நகம் அளவுக்கு, பெயிண்ட் பொடிப்பொடியாக உதிர்ந்து இரும்பு வெள்ளையாகச் சிரிக்கும்வரை சுரண்டினாள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். மரையைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, வளையத்தை வைத்து முடுக்கினாள்.

அப்போதுதான் ஒரு சின்ன லோடு வண்டி வாசலில் வந்து நின்றது. பழைய வண்டி எடுக்கிறவர் முன் சீட்டிலிருந்து இறங்க, அண்ணனும் கூடவே இறங்கினார். கையில் ஒரு டப்பா. எங்கேயோ வேலை முடிந்து மிச்சமானது.

"ஏத்துறதுக்கு ஒரு கை பிடிங்க சார்" என்று வந்தவர் வண்டியின் பின்பக்கத்தில் கை வைத்தார்.

"கைய எடுங்க" என்றாள் ஊசியக்கா.

அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தங்கையைப் பார்த்தார். அவள் அண்ணியைப் பார்த்தாள். "அண்ணி, அமுக்குங்க."

அண்ணி புருஷனின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, கட்டைவிரலால் பட்டனை அழுத்தினாள். மோட்டார் சுற்றியது. ஒரே சுற்று, எஞ்சின் பிடித்துக்கொண்டது. நிதானமாக, எப்போதும் போல, கொஞ்சம் கரகரத்த குரலில் ஓடியது. அண்ணி பட்டனிலிருந்து விரலை எடுக்க மறந்து நின்றாள். "விடுங்க, விடுங்க" என்று ஊசியக்கா கத்த வேண்டியதாயிற்று.

"ஸ்டார்ட் ஆகாதுன்னுதானே சார் சொன்னீங்க?" என்று பழைய வண்டிக்காரர் இழுத்தார்.

அண்ணன் டப்பாவைக் கை மாற்றிக்கொண்டார். "ஓடுதுல்ல? ஓடுற வண்டின்னா நல்ல விலைக்கே போகும் பாப்பா. நான் எதுக்குச் சொல்றேன்னா..."

"அண்ணே." அவள் எழுந்து நின்றாள். முழங்கால் கடகடத்தது. "விக்கிறதில்லன்னு பேசினோம். நீ தலைய ஆட்டின. விளையாட்டுக்குத்தான் ஆட்டினேன்னா, அது உன் பாடு. நான் விளையாட்டுக்குக் கேக்கல. எனக்கு அம்பது வயசுக்கு மேல ஆச்சு. நான் எங்க உக்காரணும்னு எனக்குத் தெரியும். இந்த சீட்டுல உக்காரணும்."

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. பழைய வண்டி எடுக்கிறவர் இந்த வீட்டு விவகாரத்தில் தனக்கு வேலையில்லை என்று புரிந்து, லோடு வண்டியைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அண்ணன் மெதுவாக வண்டிப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "என்னதான் பாப்பா கோளாறு?"

அவள் மறைக்கவில்லை. அந்தப் போல்ட்டைக் காட்டி, நடந்ததைச் சொன்னாள். அவர் முகம் சின்னதாகிப்போனது. பச்சைச் சட்டத்தில் போல்ட்டைச் சுற்றி மொட்டையாகத் தெரிந்த இரும்பை விரலால் தடவினார். "நான் நல்லா இருக்கணும்னுதான்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அந்த நேரத்தில் அவர்மேல் அவளுக்கு வந்த பாசம் கொஞ்சநஞ்சமல்ல. கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆனால் கை பழக்கம் விடுமா? பேசிக்கொண்டே டப்பாவின் மூடியை நெம்பிவிட்டார். சட்டைப்பையிலிருந்து சின்ன பிரஷ் வெளியே வந்துவிட்டது. அன்றைக்கு டப்பாவில் நீலம்.

"சுத்தி மட்டும் ஒரு கை தொட்டுவிட்டுடறேன். வெறும் இரும்பா விட்டா துருப்பிடிக்கும் பாப்பா."

அவர் சொன்னது உண்மைதான். வெறும் இரும்பு துருப்பிடிக்கும். ஊசியக்கா அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள், நோகாமல், ஆனால் விடாமல்.

"துருப்பிடிச்சா நான் சுரண்டிக்கிறேன்ணே. நீ மூடாத."

அண்ணன் பிரஷ்ஷைத் தாழ்த்தினார். அண்ணி அதற்குள் துப்பட்டாவைக் காதோடு கட்டிக்கொண்டு பின்சீட்டில் ஏறியிருந்தாள். ஊசியக்கா ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை வேண்டுமென்றே அணைத்தாள். பிறகு அண்ணன் பார்க்க, பட்டனை ஒருமுறை அழுத்தி, கிளம்பினாள்.